புதுப்பிப்பு: கறுப்பின ஓவியர்களோடு இணையத்தில் சேர்வது, படம் எடுக்கும் பிரச்சினை

'டிராயிங் வைல் பிளாக்' (கறுப்பினத்தவராக வரைவது) ஹேஷ்டேக் (2017-இல் தொடங்கியது) வழியாகக் கறுப்பின ஓவியர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வதைப் பற்றி முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் முக்கியமானது: கருந்தோல் மனிதர்களை வரைந்த ஓவியங்களைக் கேமராவில் எடுத்துப் போட்டால், அவை திரையில் ஏன் சாம்பல் பூத்தாற்போல் தெரிகின்றன?

குறை ஓவியத்தில் இல்லை, கேமராவின் கணக்கில். காட்சி எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பலுக்கு இழுத்துவிடும். அடர் பழுப்பு வெளிறிப்போகும், கன்னத்தின் நீலப் பளபளப்பு காணாமல் போகும். எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்துக்கொள்ளுங்கள்; ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும். ஓவியத்தின் பக்கத்தில் கிரே கார்டு (நடுத்தரச் சாம்பல் நிற அட்டை) வைத்து ஒளியை அளந்தால் இன்னும் நல்லது. இருபுறமும் ஒரே மாதிரி விளக்குகள், 45 டிகிரியில்.

எண்ணெய் ஓவியமா? அம்பர் (umber) என்னும் மண்பழுப்பு நிறங்கள் காய்ந்ததும் திட்டுத்திட்டாக மங்கும். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவி, துணியால் முழுக்கத் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். படக்கோப்பைச் சேமிப்பது, இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி (sRGB) நிற அமைப்பில்தான். இன்னும் விரிந்த அடோபி ஆர்ஜிபி (Adobe RGB) அமைப்பில் அனுப்பினால் பல செயலிகளில் சிவப்பு செத்துவிடும்.

பதிவில் உங்கள் ஊர், எதில் வரைந்தது (எண்ணெய், நீர்வண்ணம் என), விற்பனைக்கு உண்டா என்பது ஒரே வரியில் இருக்கட்டும்.

அதைவிடப் பெரியது, பிறர் படைப்புக்குக் கருத்துச் சொல்வது. 1963-இல் நியூயார்க்கில் உருவான கமோயிங்கே என்ற கறுப்பினப் புகைப்படக் கலைஞர் குழுவினர் கூடி, ஒருவர் படத்தை ஒருவர் விடாமல் அலசினார்கள். "அருமை" என்று மட்டும் எழுதாதீர்கள், "தாடை நிழலில் ஊதா நன்றாக நிற்கிறது, எப்படிக் கலந்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வரும், பழக்கமும் தொடங்கும்.