ரெயிலில் ஏறிய ஸ்கீ: உங்கள் எட்ஜ் எத்தனை நாள் தாங்கியது?

ரெயில் என்றதும் எங்கள் அம்மாவுக்கு யாழ்தேவிதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது ஸ்கீ பார்க்கில், அதாவது பனிச்சறுக்குப் பலகையில் வித்தை பழகும் இடத்தில், பனிக்குள் நட்டு வைத்திருக்கும் இரும்புக் குழாய். அதன் மேல் குறுக்காக வழுக்கிப் போவதுதான் மூன்று வருடமாக என் பைத்தியம். இருப்பது டொரொன்டோவின் ஸ்கார்பரோவில், வார இறுதி வந்தால் ஸ்கீ மலை இருக்கும் காலிங்வுட் பக்கம் ஓடிவிடுவேன்.

போன ஜனவரியில் புது ஸ்கீ வாங்கினேன். ஒன்டாரியோவில் பாதி நாள் காலுக்குக் கீழே இருப்பது பனியில்லை, ஐஸ். அதற்குப் பயந்து எட்ஜை, அதாவது ஸ்கீயின் அடி ஓரத்தில் ஓடும் இரும்புப் பட்டையை, முனை முதல் வால் வரை நன்றாகத் தீட்டிக்கொண்டு போனேன். நாலாவது நாள், ரெயிலில் ஏறும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து துடைத்துவிட்டு விரல் நகத்தை எட்ஜில் ஓட்டினேன். சரியாகப் பூட்ஸுக்குக் கீழே நகம் மாட்டியது. தலைமுடி போல ஒரு விரிசல் கோடு, குறுக்கே. பிறகு எண்ணினால் ஒரு சாணுக்குள் ஐந்து! வாங்கிய கடையில் ‘ரெயிலில் அடித்ததற்கு வாரன்டி கிடையாது’ என்று முடித்துவிட்டார்கள். உங்களுக்கும் இப்படி ஆனதா?

*

தம்பி, கோடு விழுந்தது பரவாயில்லை. ஆறு குளிர்காலம் ஸ்கீ திருத்தும் வேலை பார்த்தவன் சொல்கிறேன். சாதாரண ஸ்கீயில் எட்ஜ் 2 மில்லிமீட்டர் அளவுதான். பார்க் ஸ்கீ சிலவற்றில் 2.5 வரை இருக்கும். இரும்பில் இரும்பு மோதினால் அந்த இடம் இறுகி, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பிறகு அரம் போட்டால்கூடப் பிடிக்காமல் வழுக்கும். முதலில் வைரத்தூள் பதித்த தேய்ப்புக் கல்லால்தான் தேய்க்க வேண்டும். கூர்மையாக இருந்தால் இன்னும் மோசம், ரெயிலின் சின்னக் கீறலில்கூட மாட்டும்.

எட்ஜுக்கு உள்பக்கம் பற்கள் உண்டு, அவை பசைக்குள் புதைந்திருக்கும். அந்தப் பிடி இருக்கும்வரை பத்துக் கோடு விழுந்தாலும் ஓடும். வெளியே பிதுங்கினால்தான் ஆபத்து. தண்ணீர் உள்ளே போய், இரவு காரில் கிடக்கும்போது உறைந்து, இடைவெளியைப் பெரிதாக்கும். அப்புறம் உள்ளே இருக்கும் மரம் ஊறத் தொடங்கும். என்னிடம் வந்த ஒரு ஸ்கீயில் எட்ஜ் மீன் முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு முழு நாள் நன்றாகக் காயவிட்டு, எபொக்சி பசை ஊற்றி, மெழுகுத்தாள் சுற்றி கிளாம்ப் போட்டேன். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் அடுத்த வாரமே திரும்பி வரும்.

*

நான் நேர் எதிராகச் செய்து மாட்டினேன். யாரோ சொன்னார்கள் என்று எட்ஜ் முழுவதையும் மழுக்கிவிட்டேன். ரெயிலில் வெண்ணெய் மாதிரிப் போனது. திரும்பி வரும் வழியில் ஐஸில் ஸ்கீ பிடிக்கவே இல்லை. லிஃப்ட் வரிசைக்கு முன்னால், சின்னப் பிள்ளைகள் எல்லாம் பார்க்க, உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தேன். இப்போது பூட்ஸுக்குக் கீழே ஒன்றரைச் சாண் மட்டும் அரத்தால் உருட்டிவிடுகிறேன், மற்ற இடம் கூராகவே இருக்கும். இடது வலது ஸ்கீயை அடிக்கடி மாற்றியும் போடுகிறேன், ஒரே பக்கம் அடி வாங்காமல் இருக்க. ரெயிலுக்குப் பதில் பார்க்கில் இருக்கும், பிளாஸ்டிக் மேல்பகுதி உள்ள அகலமான பாக்ஸில் பழகினால் எட்ஜுக்கு எவ்வளவோ நல்லது. தெருவில் இருக்கும் படிக்கட்டுக் கைப்பிடி மட்டும் வேண்டாம். துரு, அடியில் கொங்கிரீட். ஒரே மாலையில் ஒரு பருவத்துத் தேய்மானம்.

*

நன்றி அண்ணா, நன்றி அக்கா. நேற்று இரவு பூட்ஸுக்குக் கீழே மட்டும் மழுக்கினேன். ‘காசு கொடுத்துக் கூராக்கியதை நீயே மொட்டையாக்குகிறாயா?’ என்று அம்மா கேட்டார். கோடுகள் இப்போது ஏழு. ஒன்றும் பிதுங்கவில்லை.