மேடையில சாமி கும்பிடுறது நடிப்பா, நெசமாவே கும்பிடுறதா? ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகம் போடுறோம், தெரிஞ்சவங்க சொல்லுங்க

லயத்துப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல பெஸ்தாரி ஜெயா, பழைய ஆளுங்களுக்கு பத்தாங் பெர்ஜுந்தைன்னு சொன்னாத்தான் தெரியும். எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுல மூணாம் நாள் ராத்திரி இளைஞர் மன்றத்து நாடகம், நான் படிவம் ஆறுல இலக்கியம் எடுத்ததால ஹாம்லெட்ட தமிழ்ல ஒரு மணி நேரத்துக்கு சுருக்கி எழுதிட்டேன், ஒத்திகையும் பாதி முடிஞ்சிருச்சு. இப்ப ஒரு காட்சியில வந்து நிக்குது. அண்ணன கொன்னுட்டு ராஜாவான கிளாடியஸ் தனியா முட்டி போட்டு பிரார்த்தன பண்ணுவான் இல்ல, அது. எங்க மேடை சன்னதிக்கு நேர் எதிர்க்க இருக்கு. கமிட்டியில ஒரு தாத்தா, அறுபது வருசமா அந்த கோயில்லயே இருக்கவரு, "அம்மாவுக்கு முன்னால பொய்யா கும்பிடக் கூடாதும்மா, கையெடுத்தா கையெடுத்ததுதான்"னாரு. திட்டல, மெதுவாத்தான் சொன்னாரு, ஆனா ரெண்டு நாளா எனக்கு தூக்கமில்ல. காட்சிய எடுக்கவும் முடியாது, ஏன்னா செத்த ராஜாவோட மகன் ஹாம்லெட் பழி வாங்க கத்திய உருவிட்டு கொல்லாம திரும்பிப் போறதே கிளாடியஸ் ஜெபத்துல இருக்கான், இப்ப கொன்னா சொர்க்கத்துக்குப் போயிருவான்னு நெனச்சுத்தான். நான் கேக்க வந்தது, 1600 வாக்குல, ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்துலயே இதுக்கு யாராச்சும் ஆட்சேபணை சொன்னாங்களா? எப்படி சமாளிச்சாங்க?

பழைய_வாத்தியாரு:
தாத்தா சொன்னத லேசா எடுத்துக்காதீங்கம்மா, லண்டன்லயும் இதே பேச்சுதான் ஓடுச்சு. அதுக்கு முன்ன அங்கயும் நம்ம திருவிழா மாதிரிதான், பைபிள் கதைய தொழிலாளிங்க சங்கம் சங்கமா பிரிச்சு வண்டி மேல மேடை கட்டி தெருத்தெருவா நடிப்பாங்க. யோர்க் ஊர்ல நோவா பேழை கட்டுற கதைய கப்பல் கட்டுறவங்களே போடுவாங்க, இயேசுவ சிலுவையில அறையிறத ஊசி ஆணி அடிக்கிறவங்க போடுவாங்க. எனக்கு இத படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்ந்துரும், கையில இருக்க தொழிலையே சாமிக்கு குடுக்குறது அது. அப்புறம் நாடு புராட்டஸ்டண்ட் பக்கம் திரும்புனதும் அந்த நாடகங்கள ஒவ்வொண்ணா நிறுத்திட்டாங்க, யோர்க்ல கடைசியா 1569, செஸ்டர்ல 1575. அதுக்கும் முன்னாடியே, 1559ல எலிசபெத் ராணி மத விசயத்தையும் ஆட்சி விசயத்தையும் நாடகத்துல தொடக் கூடாதுன்னு அறிவிப்பு போட்டாங்க. ஷேக்ஸ்பியர் எழுத வந்தப்ப சாமிய நேரா மேடைக்கு கொண்டு வர வழி கிட்டத்தட்ட அடைஞ்சு போச்சு, மனுசன் சாமிய கூப்புடுறது மட்டும்தான் மிச்சம்.

அதுக்கும் 1606ல ஒரு சட்டம் வந்துச்சு. மேடையில கடவுள், கிறிஸ்து, பரிசுத்த ஆவி, திரித்துவம் இந்தப் பேர கேலியாவோ மரியாத இல்லாமலோ சொன்னா தடவைக்கு 10 பவுன் அபராதம், அதுல பாதி ராஜாவுக்கு, பாதி வழக்கு போட்ட ஆளுக்கு. ஷேக்ஸ்பியரோட ஒத்தெல்லோ நாடகத்த பாருங்க, 1622ல அச்சான புத்தகத்துல சாமி மேல சத்தியம் பண்ற வார்த்தைங்க நெறைய, அடுத்த வருசம் 1623ல அவரு நாடகங்கள சேத்துப் போட்ட பெரிய தொகுப்புல அதெல்லாம் காணோம். ஹாம்லெட் இந்த சட்டத்துக்கு முந்தின நாடகம், ஆனா சாமி பேருக்கு இருந்த பயம் முந்தியே இருந்ததுதான்.

லயத்துப்பொண்ணு:
ரொம்ப நன்றி சார், தாத்தாகிட்ட போய் இத அப்படியே சொல்லப் போறேன். ஆனா அப்ப அந்த நடிகரு எப்படி முட்டி போட்டாரு சார்? அது பொய் ஜெபம்தானே?

கல்லறைத்திருநாள்:
நான் கிறிஸ்துவ குடும்பம், அதே மாதிரி ஒரு தோட்டத்துல வளந்தவ, இதுல எனக்கு கொஞ்சம் சொல்ல இருக்கு. அந்தக் காட்சிய திரும்பப் படிங்க தங்கச்சி, அதுல கிளாடியஸ் பிரார்த்தன பண்ணவே இல்ல. பண்ண முடியலன்னுதான் அவ்வளவு நேரம் பொலம்புறான். அண்ணன கொன்னு எடுத்த கிரீடமும் அண்ணியும் இன்னும் கையில இருக்கு, அத திருப்பிக் குடுக்காம எப்படி மன்னிப்பு கேக்குறதுன்னு அவனே கேக்குறான். பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியார்கிட்ட பாவத்த சொல்லி மன்னிப்பு கேக்குறது, செஞ்சவங்களுக்கு இது நல்லா தெரியும், திருடுனத வச்சுக்கிட்டு மன்னிப்பு வாங்க முடியாது. ஹாம்லெட் போனப்புறம் எந்திரிச்சு, என் வார்த்த மேல பறக்குது, நெனப்பு கீழயே கெடக்கு, நெனப்பில்லாத வார்த்த சொர்க்கத்துக்குப் போகாதுங்கிற மாதிரி சொல்லி முடிப்பான்.

ஷேக்ஸ்பியரோட இன்னொரு நாடகத்துல வர்ற மேக்பெத்தும் அதேதான், ராஜாவ கொல பண்ணிட்டு வர்றப்ப பக்கத்து அறையில யாரோ தூக்கம் கலைஞ்சு சாமி பேர சொல்றாங்க, இவனுக்கு ஆமென் தொண்டையில மாட்டிக்குது. அதே காலத்து மார்லோ எழுதுன நாடகத்துல, பிசாசுக்கு ஆத்துமாவ வித்த டாக்டர் ஃபாஸ்டஸ் கையத் தூக்கப் பாப்பான், பிசாசுங்க புடிச்சு வச்சிருக்குங்கன்னு கதறுவான். பெரிய பாவிங்க எல்லாம் அந்த மேடையில கும்பிட முடியாமத்தான் நிக்கிறாங்க.

இன்னொண்ணு, ஹாம்லெட்டோட அப்பா ஆவி கடைசி பூசை எதுவும் இல்லாம செத்து நெருப்புல வேகுறதா சொல்லும். இங்கிலாந்து சபை அப்ப செத்தவங்களுக்கு ஜெபம் பண்றத பூசை புத்தகத்துல இருந்தே எடுத்திருந்துச்சு, செத்த ஆத்துமா பாவம் தீர வேகுற உத்தரிக்கிற ஸ்தலம்னு ஒண்ணு கெடையாதுன்னும் சொல்லிருச்சு. அப்ப அப்பனுக்காக ஏங்குற மகன் எங்க போவான்? எங்க பாட்டி நவம்பர் 2, கல்லறைத் திருநாள் ஆனா டவுன் கல்லறையில தாத்தாவுக்கு மெழுகுவத்தி ஏத்தி அழுவாங்க. அந்த மெழுகுவத்திய புடுங்கிட்டா எப்படி இருக்கும்னு நெனச்சா எனக்கு ஹாம்லெட் புரியும். உங்க ஜனங்களுக்கு மகன் திதி குடுக்க முடியாத அப்பான்னு சொன்னா ஒடனே புரிஞ்சிரும்.

அரிச்சந்திரன்_பேரன்:
எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு முடிச்சுட்டு வந்து ராத்திரி அரிச்சந்திரன் வேசம் கட்டுவாரு. வேசம் கட்டுற வாரம் மச்சம் சாப்புட மாட்டாரு, மேடைய தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் ஏறுவாரு, சுடுகாட்டு காட்சியில அவரு கையெடுத்தா கீழ கெழவிங்க எல்லாம் கையெடுப்பாங்க. அதனால கமிட்டி தாத்தா சொல்றது எனக்கு நூத்துக்கு நூறு சரி. ஆனா மேல அக்கா சொன்னத வச்சுப் பாத்தா வழி நாடகத்துலயே இருக்கு. கிளாடியஸ் சன்னதியப் பாத்து முட்டி போடட்டும், ஆனா ரெண்டு கையும் சேரவே கூடாது, சேக்கப் பாத்து பாத்து நடுங்கி தொடையில விழணும். ஹாம்லெட் பின்னால இருந்து வரட்டும், அவனுக்கு முதுகும் குனிஞ்ச தலையும்தான் தெரியும், அதப் பாத்துத்தான் ஏமாந்து போறான். அவன் முதுகப் பாக்குறான், அம்மா மொகத்தப் பாக்குறா. கையெடுக்காததால தாத்தா சொன்னதுக்கும் பங்கம் இல்ல.

பழைய_வாத்தியாரு:
அருமை தம்பி. இதோட ஒண்ணு சேத்துக்குங்கம்மா, ஷேக்ஸ்பியரோட நாலாம் ஹென்றி நாடகம் ரெண்டாம் பாகத்து முடிவுல பேச வர்றவரு சபை முன்னால முட்டி போட்டு, ராணிக்காக ஜெபம் பண்ணத்தான் போடுறேன்னு சொல்லுவாரு. நம்ம மங்களம் மாதிரி. கத முடிஞ்சதும் உங்க ஆளுங்க எல்லாரும், கிளாடியஸ் பையனும் சேத்து, மேடையில இருந்து அம்மாவ கையெடுத்துக் கும்பிடட்டும். அத பொய்னு யாரும் சொல்ல முடியாது.

லயத்துப்பொண்ணு:
இப்பத்தான் தாத்தா வீட்டுக்குப் போய் செஞ்சு காட்டுனோம். கிளாடியஸ் பையன் கை சேராம ரெண்டு தடவ விழுந்தப்ப தாத்தா பேசவே இல்ல. மூணாவது தடவ, "இன்னும் கொஞ்சம் நேரம் முட்டியிலயே இருடா, ஒடனே எந்திரிக்காத"ன்னாரு. நாளைக்கு எட்டு மணிக்கு டேவான் மண்டபத்துல முழு ஒத்திகை, அவரும் வர்றாரு.