கோங்க் கிராமத்துக்குப் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தெற்கு பிரான்ஸில் இருக்கும் கோங்க் கிராமத்துக்குப் போகிறேன். சின்ன ஊர்தான், ஆனால் ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்தே போன யாத்ரீகர்கள் நூற்றாண்டுகளாகத் தங்கிப்போன இடம், அங்கே சேன்ட் ஃபுவா தேவாலயத்தின் மேற்கு வாசலுக்கு மேல் 12ஆம் நூற்றாண்டில் செதுக்கிய இறுதித் தீர்ப்புக் காட்சியை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. மொத்தம் 124 உருவங்கள். நரகத்தின் பக்கம் ஒருவன் கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்குகிறான். வளைவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் குட்டி முகங்கள் வேறு, எனக்கு ரொம்பப் பிடித்தவை அவைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஊரோ மலைச்சரிவில், தெருவெல்லாம் கல் பாவியது. கார் நிறுத்தும் இடத்திலிருந்து தேவாலயம் வரை வயதானவர்களால் நடக்க முடிகிறதா, நடுவில் உட்கார இடம் உண்டா? அப்புறம், சிற்பத்தில் சாயங்கால வெயில் விழும் நேரமாகப் பார்த்துப் போவதா, இல்லை ஓவியர் பியேர் சூலாஜ் அந்தத் தேவாலயத்துக்காக 1994இல் முடித்த கண்ணாடிச் சன்னல்களுக்காகக் காலையிலேயே உள்ளே போவதா? எங்களுக்கு ஒரே நாள்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.