மேடையில சொந்தக் கதை சொல்லணும், ஐடியா குடுங்க மக்களே

நான் இருக்கறது சிகாகோல. இங்க தி மாத்-னு ஒரு அமைப்பு, 1997ல நியூயார்க்ல ஆரம்பிச்சது, ஸ்டோரி ஸ்லாம்-னு கதை சொல்ற போட்டி நடத்துறாங்க. பேர் குடுத்தவங்கள்ல பத்து பேர குலுக்கிப் போட்டு எடுப்பாங்க, வந்தா மேடையேறி அஞ்சு நிமிஷத்துல நமக்கே நடந்த கதைய பேப்பர் பாக்காம சொல்லணும், மார்க் போடுறது ஆடியன்ஸ்ல இருக்கறவங்கதான்.

என் கதை, அக்கா கல்யாணத்துல பெரியப்பா பந்தில பாதில எழுந்து போனது. அப்பளம் வைக்கலன்னு கோவமாம், உள்ள விஷயம் நெலத்தகராறு. சொல்லிப் பாத்தா எட்டு நிமிஷம் தாண்டுது, யாரு யாருக்கு என்ன சொந்தம்னு வெளக்கறதுலயே பாதி டைம் காலி. எத வெட்டுறது? இலைய விட்டு எழுந்துக்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு இங்க இருக்கறவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கறது?

இன்னொன்னு, பெரியப்பா இப்பவும் கல்லு மாதிரி இருக்காரு, அவர்கிட்ட கேக்காம சொல்லலாமா? எவனாவது வீடியோ எடுத்து ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல போட்டுட்டா நான் செத்தேன்.

மேடைல பேசிப் பழக்கம் இருக்கறவங்க சொல்லுங்க, முழுசா மனப்பாடம் பண்ணுவீங்களா இல்ல மொத வரியும் கடைசி வரியும் மட்டும் பிடிச்சுக்கிட்டு ஏறிடுவீங்களா? அடுத்த வாரமே போறேன், சீக்கிரம் ப்ளீஸ்.