சைனீஸ் இலை டீ ஆன்லைன்ல வாங்கணும், நல்ல கடைன்னு எதை வச்சு முடிவு பண்றீங்க?

இலைதேடி:

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் ஒரு ஃப்ரெண்ட் கொஞ்சம் லோங்ஜிங் கிரீன் டீ கொடுத்தாரு, தட்டையான இலை, வென்னி ஊத்தினதும் லேசா வறுத்த பயறு வாசனை, குடிச்சு முடிச்சப்புறமும் தொண்டையில ஒரு இனிப்பு நின்னுச்சு. அதுல இருந்து டீபேக் பக்கமே போறதில்லை. அது தீர்ந்ததும் அதே பேரைப் போட்டு தேடி ஒரு ஆன்லைன் கடையில 200 கிராம் வாங்கிட்டேன், வந்தது காஞ்ச வைக்கோல் மாதிரி இருக்கு, பாதி இலை நொறுங்கி தூளா கிடக்கு, பாக்கெட்ல எந்த வருஷத்து டீன்னு கூட போடல. மெயில் போட்டு கேட்டா "இது எங்க பிரீமியம் கிரேடு"ன்னு ஒரு வரி பதில். ரிவ்யூ எல்லாம் 5 ஸ்டார்தான், அதை நம்பித்தான் வாங்கினேன். கிரீன் டீ, ஊலாங் (பாதி ஆக்ஸிடைஸ் ஆன டீ) ரெண்டும் வேணும், பூஅர் (யுன்னான் மாகாணத்து டீ, வச்சிருந்து பழசாக்கியும் குடிப்பாங்க) பழகிப் பாக்கணும்னும் ஆசை. அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க, காசு போனதை விட அந்த ருசி திரும்பக் கிடைக்கலையேன்னுதான் மனசு கஷ்டமா இருக்கு.

நீராவி:

முதல்ல ஸ்டார் ரேட்டிங்கை மறந்துடுங்க. டீபேக்ல இருந்து புதுசா வர்றவங்களுக்கு எந்த இலை டீயும் நல்லாத்தான் இருக்கும், ஸ்டாரை தட்டி விட்டுடுவாங்க, ஒப்பிட்டுப் பாக்க அவங்ககிட்ட வேற டீ இருந்திருக்காது.

நான் பாக்கிறது கடைக்காரர் அந்த இலையைப் பத்தி எவ்வளவு சொல்றாருன்னுதான். பறிச்ச வருஷம், சீசன், எந்த ஊர், எந்த ரகச் செடி, இந்த நாலும் கடையோட வெப் பக்கத்துல இருக்கணும். "இம்பீரியல்", "பிரீமியம்", "குரங்கு பறிச்சது" இதெல்லாம் வெறும் அலங்காரம். கிரேடு நம்பரும் கடைக்குக் கடை மாறும், எல்லாருக்கும் பொதுவான அளவுகோல்னு ஒண்ணு கிடையாது.

உங்க லோங்ஜிங்கையே எடுத்துக்கோங்க. ஜெஜியாங் மாகாணத்துல ஹாங்சோ நகரத்தோட மேற்கு ஏரியைச் சுத்தி 168 சதுர கிலோமீட்டர் பரப்புல விளையுறதுக்குத்தான் வெஸ்ட் லேக் லோங்ஜிங்னு பேரு, அதே மாகாணத்துல வெளிய விளையுறது வெறும் லோங்ஜிங். வெளியூர் இலை மட்டம்னு சொல்லல, நல்லாவே இருக்கும், ஆனா அதை வெஸ்ட் லேக்னு போட்டு விக்கிறதுதான் பிரச்சனை. ஏப்ரல் 5 வாக்குல வர்ற சிங்மிங் நாளுக்கு முன்னாடி பறிச்ச கொழுந்துதான் விலை ஜாஸ்தி. அதுலயே லோங்ஜிங் 43ன்னு ஒரு ரகம் சீக்கிரம் துளிர்க்கும், பழைய நாட்டு ரகத் தோட்டம் கொஞ்சம் லேட்டா வரும், நல்ல கடைக்காரர் எது எதுன்னு பிரிச்சு எழுதுவாரு. இன்னொண்ணு, வூனியூசாவ்னு ஒரு ரகம் இருக்கு, லோங்ஜிங் 43ஐ விட சீக்கிரமே பறிப்புக்கு வந்துடும், அதையும் இதே மாதிரி தட்டையா வறுத்துடலாம், பாக்க லோங்ஜிங் மாதிரியே இருக்கும். மார்ச் தொடக்கத்துலயே ஒருத்தர் புது வெஸ்ட் லேக் லோங்ஜிங் வந்துடுச்சுன்னு விளம்பரம் போட்டா நான் அந்தக் கடையை மூடிட்டு வந்துடுவேன்.

உங்களுக்கு வந்த வைக்கோல் வாசனை அனேகமா பழைய இலை. கிரீன் டீ வருஷம் தாண்டினா புதுசோட உயிர் இருக்காது, அதான் வருஷம் போடாம விக்கிறாங்க.

பாறைத்தேநீர்:

நீராவி சொன்னதுல முக்கால்வாசி சரி, ஆனா எழுதுறதை யார் வேணா காப்பி அடிச்சு எழுதலாமே. அழகா கதை எழுதின ஒரு கடையை நம்பி நானே ரெண்டு வருஷம் வாங்கி ஏமாந்திருக்கேன். அதனால எழுதினது நிஜத்தோட ஒத்துப்போகுதான்னு பாருங்க, அதுக்கு அந்த டீயோட காலண்டர் தெரிஞ்சிருக்கணும்.

நான் ரொம்ப குடிக்கிறது ஃபூஜியான் மாகாணத்துல வூயி மலை ஊலாங். வசந்த காலத்துல, அதாவது ஏப்ரல் கடைசி மே வாக்குல பறிப்பாங்க, அப்புறம் கரி அடுப்புல வாட்டுவாங்க, ஆற விட்டு திரும்ப வாட்டுவாங்க, இதுலயே மாசக்கணக்குல போயிடும், சூடு அடங்கி குடிக்கிற பக்குவத்துக்கு வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அப்போ நல்லா வாட்டின "இந்த வருஷ ரோ குய்"யை (வூயி ஊலாங்ல ஒரு ரகம்) ஜூன்லயே ஒருத்தர் விக்கிறாருன்னா கேள்வி கேக்கணுமில்ல.

வூயி மலையோட பேர்போன ஊலாங் டா ஹாங் பாவ், அதோட தாய் மரத்து இலைன்னு யாராவது சொன்னா யோசிக்கவே வேண்டாம், பொய். அந்தப் பாறை இடுக்குல இருக்கிறதே 6 மரம், 2005ல கடைசியா பறிச்சாங்க, அதுல 20 கிராம் 2007ல சீனாவோட தேசிய அருங்காட்சியகத்துக்குப் போச்சு, அதோட சரி. இப்ப கடையில கிடைக்கிற டா ஹாங் பாவ் பெரும்பாலும் பல ரகத்தைக் கலந்து வாட்டினது. அது தப்பே இல்ல, கலக்கிறதும் ஒரு கைத்திறமைதான், கலவைன்னு நேர்மையா எழுதுற கடை எனக்குப் பிடிக்கும்.

கடைசியா ஒரு பழக்கம், வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி மெயில்ல கேட்டுடுவேன். "இது எத்தனை தடவை வாட்டினது, கடைசியா எப்போ"ன்னு. டீ தெரிஞ்சவர் ரெண்டு வரியில பதில் சொல்லிடுவாரு, சில பேர் "உங்களுக்கு இது செட் ஆகாது, அதை எடுங்க"ன்னு விலை கம்மியானதைக் காட்டுவாங்க. அப்படி ஒருத்தர் கிடைச்சா விட்டுடாதீங்க.

வட்டில்லு:

பூஅர் கேட்டீங்களே, அதுக்கு மட்டும் சொல்றேன், ஏன்னா இதுலதான் புது ஆளுங்க ரொம்ப மாட்டுறாங்க. தயவு செஞ்சு முதல் ஆர்டர்லயே முழு வட்டு (இலையை வட்டமா அழுத்திச் செஞ்ச கட்டி) வாங்காதீங்க. வழக்கமான வட்டு 357 கிராம், பிடிக்கலைன்னா வருஷக்கணக்குல அலமாரியில கிடக்கும். 25 கிராம் சாம்பிள் உடைச்சு கொடுக்கிற கடையா பாருங்க, சாம்பிளே கிடையாதுன்னா அடுத்த கடை.

பூஅர்ல ஷெங், ஷோன்னு ரெண்டு வகை, ரெண்டும் வேற வேற குணம். ஷோங்கிறது இலையைக் குவிச்சு நனைச்சு மூடி புளிக்க வைக்கிறது, 1970கள்ல வந்த முறை, மண் வாசனையோட மெத்துனு இருக்கும், ஆரம்பத்துக்கு அது சுலபம். ஷெங் அப்படி புளிக்க வைக்காம தானா மெதுவா பழசாக விடுறது, இளசா இருக்கிறப்போ கசக்கும், அதை கெட்டுப்போன டீன்னு நெனச்சு கடைக்காரரைத் திட்டாதீங்க.

மாட்டுற இடம் ரெண்டு. ஒண்ணு "300 வருஷத்து மரம்"ங்கிற பேச்சு, மரத்து வயசை நம்மளால சரிபார்க்கவே முடியாது, அதனால அந்த வார்த்தைக்காக ஒரு பைசா கூட ஜாஸ்தி கொடுக்காதீங்க, ருசிக்கு மட்டும் கொடுங்க. ரெண்டாவது வருஷக் கணக்கு. 7542ன்னு வட்டு மேல போட்டிருந்தா 1975ல செஞ்சதுன்னு சில பேர் நெனச்சுக்கிறாங்க, இல்லவே இல்ல. 75 அந்தக் கலவையை உருவாக்கின வருஷம், 4 இலையோட அளவு, 2 மெங்ஹாய் ஃபேக்டரியோட நம்பர். போன வருஷம் செஞ்ச வட்டுலயும் இதே நம்பர் இருக்கும்.

பழைய பூஅர்னா எங்க வச்சிருந்தாங்கன்னும் கேளுங்க. குன்மிங் மாதிரி காஞ்ச ஊர்ல இருந்தது மெதுவா மாறும், குவாங்டாங், ஹாங்காங் ஈரக் காத்துல இருந்தது சீக்கிரம் கறுத்து பழைய மர வாசனை வரும். இதை எழுதாத கடையில வயசான டீ வாங்க எனக்கு மனசு வராது.

கடைப் பேரு கேப்பீங்கன்னு தெரியும், யுன்னான் சோர்ஸிங்னு ஒரு ஆன்லைன் கடை, குன்மிங்ல இருந்து அனுப்புறாங்க, லிஸ்ட் ரொம்ப நீளம், வருஷமும் ஊரும் போட்டிருப்பாங்க. கிரீன் டீக்கு செவன் கப்ஸ் பாருங்க, செஞ்சவங்க பேரு வரைக்கும் எழுதுற பழக்கம் அவங்களுக்கு உண்டு. ஆனா எல்லாத்தையும் ஒரே கடையில வாங்கணும்னு இல்ல, பூஅர்ல கெட்டிக்காரங்க லோங்ஜிங்ல சுமாரா இருக்கலாம்.

இலைதேடி:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. பழைய ஆர்டர் பக்கத்தை திரும்பப் போய் பாத்தேன், வருஷம் இல்ல, ஊர் பேரும் இல்ல, உடம்பு இளைக்கும்னு மட்டும் நாலு இடத்துல இருக்கு. இப்ப மூணு கடையில லோங்ஜிங் சாம்பிள் போடலாம்னு இருக்கேன். ஒப்பிட்டுப் பாக்கிறப்போ எப்படி போட்டுக் குடிக்கணும்?

நீராவி:

மூணையும் ஒரே நேரத்துல, ஒரே மாதிரி கிளாஸ்ல போடுங்க. 3 கிராம் இலை, 150 மில்லி தண்ணி, 80 டிகிரி வாக்குல. கொதிக்க கொதிக்க ஊத்தினா நல்ல இலையும் கசந்துடும். ரெண்டு நிமிஷம் கழிச்சு குடிங்க, முழுசா ஆறினதும் இன்னொரு வாய் குடிங்க, சூட்டுல மறைஞ்சிருந்த குறை அப்போ வெளிய வரும். அப்புறம் நனைஞ்ச இலையை ஒரு வெள்ளைத் தட்டுல பரப்புங்க, கொழுந்தும் பக்கத்து இலையும் ஒண்ணா முழுசா இருக்கா, இல்ல கிழிஞ்ச துண்டா இருக்கான்னு பாருங்க. காஞ்ச இலையில பளிச்சுன்னு பச்சையைத் தேடாதீங்க, நல்ல லோங்ஜிங் கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சையாத்தான் பெரும்பாலும் இருக்கும். பாக்கெட்டைப் பிரிச்சதும் காத்துப் போகாம கட்டி ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, மறுபடி வெளிய எடுத்தா குளிர் விட்டப்புறம் திறங்க, இல்லன்னா ஈரம் ஏறிடும். சாம்பிள் வந்ததும் இங்க வந்து எழுதுங்க, எந்தக் கடைதுன்னு சேர்த்து.