பிள்ளைகள் ஆய்வுக்குத் தமிழில் இசைவுப் படிவம் இருக்கிறதா?

பெங்களூரு செயின்ட் ஜோசப்ஸ் போன்ற சேசு சபைப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு நெறிமுறைக் குழுவில் இருந்தவர்கள் உதவ வேண்டும். பள்ளிப் பிள்ளைகளிடம் பேட்டி எடுக்கும் ஆய்வு. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி 7 முதல் 12 வயதுக்கு வாய்மொழி இசைவு (பிள்ளையே தரும் சம்மதம்), அதற்கு மேல் 18 வரை எழுத்தில். பெற்றோர் ஒப்புதல் தனி. அது தெளிவு.

சிக்கல் படிவத்தில்தான். ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தது கிரயப் பத்திரம் மாதிரி இருக்கிறது. எந்த அம்மாவுக்கும் புரியாது; குழுவில் உள்ள பொதுமக்கள் பிரதிநிதியே திருப்பிவிடுவார் (அதற்குத்தானே அவர் இருக்கிறார்!). குழுவின் அனுமதிக்கு முன் பேட்டியைத் தொடங்கவும் வழியில்லை: பின்தேதியிட்ட அனுமதி கிடையாது, ஆய்விதழ்களோ அனுமதி எண்ணையும் தேதியையும் கேட்கும்.

பேச்சுத் தமிழில், ஒரு பக்கத்துக்குள், ‘எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்’ என்ற வரியோடு மாதிரி இருந்தால், பெயர்களை அழித்துவிட்டுப் பகிருங்கள். ஒலிப்பதிவுக்குத் தனி இசைவு வாங்கினீர்களா என்பதையும் சொல்லுங்கள்.