டிவியிலிருந்து ஆப்டிகல் இழுத்தால் 5.1 வருமா? பழைய ரிசீவரும் புது எச்டி டிவியும்

ஒலிப்பித்தன்:
ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) வழியாக 5.1 ஒலி (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், ஆக ஆறு சேனல்) கேட்பது பற்றி கேபிள்_கந்தன் புதியவர்களுக்கு எழுதிய வழிகாட்டியில் ஒரு வரி: "ப்ளூரே பிளேயரை எச்டிஎம்ஐ வயரால் டிவியில் சேருங்கள். டிவியிலிருந்து பழைய ரிசீவருக்கு ஓர் ஆப்டிகல் வயர். 5.1 அப்படியே வந்துவிடும்." படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. அப்படியே வராது சார். எச்டிஎம்ஐயில் உள்ளே போகும் 5.1 ஒலியை எத்தனையோ டிவிகள் ஆப்டிகலில் (ஒலியை வெளிச்சமாகக் கடத்தும் வயர்) வெளியே விடும்போது இரண்டு சேனலாகச் சுருக்கிவிடும். ரிசீவர் முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்று எரிய வேண்டிய இடத்தில் 'பிசிஎம்' (ஏற்கெனவே பிரித்துவிட்ட ஒலி, இங்கே இரண்டு சேனல்) என்று எரியும். புரோ லாஜிக் (இரண்டு சேனலை எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்பும் வசதி) போட்டால் பின் ஸ்பீக்கரில் ஏதோ சத்தம் வரும், அதைத்தான் 5.1 என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.

கேபிள்_கந்தன்:
இருபது விஷயம் எழுதினேன், இவர் கண்ணில் பட்டது ஒரே வரி. டிவி மெனுவில் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்' என்ற இடத்தில் பிசிஎம்மை எடுத்துவிட்டு 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ்த்ரூ' (ஒலியைப் பிரிக்காமல் வந்தபடியே அனுப்புவது) வையுங்கள், 5.1 வரும். சப்வூஃபர் விவாதத்தில் 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவர்தான் (அதற்குக் கீழான கனத்த ஒலி சப்வூஃபருக்குப் போகும் எல்லை) ஆரம்பத்துக்குச் சரி என்று நான் சொன்னதிலிருந்தே இவருக்கு என்மேல் காய்ச்சல். ஆப்டிகல் போதும்.

ஒலிப்பித்தன்:
சப்வூஃபரை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? பாஸ்த்ரூ எல்லா டிவியிலும் இல்லை. இன்னொன்றும் கேளுங்கள். எச்டிஎம்ஐ சொருகியதும் டிவி தன் ஜாதகத்தைப் பிளேயரிடம் நீட்டும், ஈடிஐடி என்பது அதுதான். அதில் 'எனக்கு ஸ்டீரியோ மட்டும்தான் தெரியும்' என்று எழுதியிருந்தால், பிளேயர் டிவிக்கு அனுப்புவதே இரண்டு சேனல்தான். உள்ளேயே போகாத 5.1 வெளியே எப்படி வரும்? எச்டிஎம்ஐ இல்லாத ரிசீவர் என்றால் பிளேயரின் முதுகில் இருக்கும் ஆப்டிகலை நேராக ரிசீவருக்குக் கொடுங்கள். படம் டிவிக்கு, ஒலி ரிசீவருக்கு. டிவியைத் தொடவே கூடாது.

கேபிள்_கந்தன்:
அதுவும் ஆப்டிகல்தானே? சுற்றிவளைத்து நான் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டார். நன்றி.

ஒலிப்பித்தன்:
நீங்கள் எழுதியது "டிவியிலிருந்து". நான் எழுதியது "பிளேயரிலிருந்து". மறுபடியும் படியுங்கள்: டிவியிலிருந்து.

மெல்லிசை:
இரண்டு பேரும் எச்டி ஒலியை மறந்தே விட்டீர்கள். எந்த முனையிலிருந்து இழுத்தாலும் ஆப்டிகலில் ப்ளூரேயின் இழப்பில்லாத ஒலி வகைகளான டால்பி ட்ரூஎச்டியோ டிடிஎஸ்-எச்டி மாஸ்டரோ போகாது. போவது பழைய டால்பி டிஜிட்டல், அதிகபட்சம் விநாடிக்கு 640 கிலோபிட். டிடிஎஸ் என்றால் 1509 கிலோபிட் கோர், அதாவது உள்ளிருக்கும் அடிப்படை ஒலி மட்டும். ட்ரூஎச்டி 18 மெகாபிட் வரை போகும். படத்தை எச்டி ஆக்கிவிட்டு ஒலியை டிவிடி காலத்திலேயே விட்டுவிட்டு அதற்கு வழிகாட்டி என்று பெயரா?

கேபிள்_கந்தன்:
புதிதாக ஆரம்பிப்பவருக்கு 640 கிலோபிட் ஏராளம். டிவிடியில் டால்பி டிஜிட்டலின் உச்சமே 448தான். ஆகவே ப்ளூரேயில் ஆப்டிகல் வழியாகவும் டிவிடியைவிட நல்ல ஒலிதான் கிடைக்கும். ஆப்டிகல் போதும்.

திரைவாசி:
ஒலியிலேயே நின்றுவிட்டீர்கள். எச்டி டிவி வாங்கியும் படம் மங்கலாக இருக்கிறது என்பவர்களில் பாதிப்பேருக்கு வேறு கோளாறு. செட்டாப் பாக்ஸ் இன்னும் பழைய மஞ்சள் ஏவி வயரில் ஓடும். எச்டிஎம்ஐக்கு மாற்றியிருந்தாலும் பாக்ஸின் வெளியீடு 576ஐ என்ற பழைய டிவித் தெளிவிலேயே கிடக்கும், அதை 1080-க்கு மாற்ற வேண்டும். அடுத்தது ஓவர்ஸ்கேன்: டிவி நான்கு ஓரத்தையும் வெட்டி மீதியை இழுத்துப் பெரிதாக்கும். 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்க்ரீன் ஃபிட்' வைத்தால்தான் ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி உட்காரும். செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்தின் அடி நறுக்கப்பட்டிருந்தால் ஓவர்ஸ்கேன் என்று அர்த்தம். 55 அங்குல டிவியில் 1080 படத்தை ஏறக்குறைய 2.2 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்தால் புள்ளிகளைக் கண் பிரித்தறியாது, ஆகவே 4கே ஆசை பிறகு.

ஒலிப்பித்தன்:
திரைவாசி, நல்ல விஷயம், தனித் திரியாகப் போடுங்கள். இங்கே கேள்வி டிவியிலிருந்து ஆப்டிகல்.

திரைவாசி:
திரி உங்கள் சொந்தச் சொத்தா?

புதுவரவு:
மன்னிக்கவும். என் ரிசீவர் பழசுதான், ஆனால் பின்னால் மூன்று எச்டிஎம்ஐ இருக்கிறது. அப்படியும் ஆப்டிகல் வேண்டுமா?

மெல்லிசை:
வேண்டாம். பிளேயரை ரிசீவரில் சொருகுங்கள், ரிசீவரின் 'அவுட்'டிலிருந்து டிவிக்கு. பிளேயரில் 'செகண்டரி ஆடியோ' அல்லது 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்று ஒன்று (மெனு சத்தம் போன்றவற்றைப் பட ஒலியோடு கலப்பது) இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் ட்ரூஎச்டி வராது. முகப்பில் ட்ரூஎச்டி என்று எரியாமல் 'மல்டி சேனல் பிசிஎம்' என்று எரிந்தால் பயப்படாதீர்கள். பிளேயரே பிரித்து அனுப்புகிறது, ஒலி அதேதான்.

ஒலிப்பித்தன்:
பாதிதான் சொன்னார். சில பழைய ரிசீவர்களில் எச்டிஎம்ஐ வெறும் வழிப்போக்குத்தான், படத்தைக் கடத்திவிடும், ஒலியை எடுக்காது. கையேட்டில் 'பாஸ்த்ரூ' என்று மட்டும் இருந்தால் அந்த வகை, 'ரிப்பீட்டர்' என்று இருந்தால் ஒலி எடுக்கும். "ஒலி அதேதான்" என்பதும் அரைகுறை. ட்ரூஎச்டிக்குள் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் வகை) இருந்தால் பிசிஎம்மாகப் பிரித்த கணமே அது போய்விடும்.

மெல்லிசை:
மூன்று எச்டிஎம்ஐ உள்ள பழைய ரிசீவரில் அட்மாஸ் எங்கிருந்து வந்தது? குறை சொல்வதற்காகவே குறை சொல்கிறீர்கள்.

ஒலிப்பித்தன்:
படிப்பது அவர் ஒருவர் மட்டுமில்லையே.

கேபிள்_கந்தன்:
பார்த்தீர்களா, ஆளுக்கொரு கதை. இதனால்தான் எளிமையாக எழுதினேன். ஆப்டிகல் முனையில் கண்ணாடி மாதிரி குட்டி பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றுங்கள். கழற்றாமல் குத்திவிட்டு ஒலி வரவில்லை என்பவர்கள் அநேகம். ஒரு முனையைச் சொருகி மறுமுனையைப் பாருங்கள், சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் வயர் நல்ல வயர். மூலையில் மடக்காதீர்கள், உள்ளே இழை முறிந்துவிடும்.

ஒலிப்பித்தன்:
சிவப்பு வெளிச்சம் இரண்டு சேனலுக்கும் வரும், ஆறு சேனலுக்கும் வரும். வெளிச்சத்தைப் பார்த்து 5.1 என்று சொல்ல முடியாது, முகப்பைப் பாருங்கள். பிளேயரிலிருந்து நேராக இழுக்கும் ஆப்டிகலில் இன்னொரு தொல்லை: டிவி படத்தைப் பதப்படுத்த நேரம் எடுக்கும், ஒலி முந்திக்கொள்ளும், உதடு பின்னால் அசையும். ரிசீவரில் 'ஆடியோ டிலே' இருந்தால் 40 மில்லிசெகண்டில் தொடங்கிப் பத்துப் பத்தாக ஏற்றுங்கள். கந்தன் வழிகாட்டியில் இதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

கேபிள்_கந்தன்:
டிவியிலிருந்து எடுத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, டிவியே தன் படத்துக்கு ஏற்ப ஒலியைத் தாமதப்படுத்தி அனுப்பும். அதனால்தான் டிவியிலிருந்து என்று எழுதினேன்!

ஒலிப்பித்தன்:
உதடு பொருந்தும், பின் ஸ்பீக்கர் பேசாது. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் நான் என்ன செய்ய? வரியைத் திருத்துங்கள்.

புதுவரவு:
கையேட்டில் ரிப்பீட்டர் என்றும் இருக்கிறது, பாஸ்த்ரூ என்றும் இருக்கிறது. அப்படியென்றால்?

திரைவாசி:
முதலில் ஓவர்ஸ்கேனை அணையுங்கள்.

கேபிள்_கந்தன்:
வரி அப்படியேதான் இருக்கும்.